முள் தேயட்டும்... குரல் தேயக் கூடாது!

தட்டு சுற்ற ஆரம்பித்த நாலைந்து விநாடிகளிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாட்டோடு சேர்ந்து, அம்மியில் மணல் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். கறுப்புத் தட்டின் மேல், ஊசி போன பாதையில், சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி.

"தூக்கு தாயி... தூக்கு, தூக்கு!"

பேத்தி பதறிப்போய்க் கையை எடுத்தாள். கிராமபோன் ஊசி ஒரு டப்பா நிறைய ஆன்லைனில் வாங்கி, தாத்தாவுக்கு ஆசையாகப் பரிசு கொடுத்தவள் அவள்தான். பளபளவென்று புதிதாகத்தான் இருந்தன. ஆனால், அந்த டப்பாவிலிருந்த ஊசியின் முனை சரியாகத் தீட்டப்படவில்லை. பத்துச் சுற்றுக்குள் தட்டை உழுதுவிட்டது.

மதுரை செல்லூரில் இருக்கிற அந்த வீட்டில் நாற்பது தட்டுகள் இருக்கின்றன. வேறு எந்தத் தட்டாக இருந்தாலும் அவர் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். இது அத்தையின் தட்டு.

போட்டோகூட இல்லாத அத்தை

அவருக்கு வயது 74. அத்தையை அவர் பார்த்ததில்லை. இவர் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அப்பாவின் அக்கா. மதுரையில் ஸ்பெஷல் நாடகம் நடித்தவர். 1930-களில் ஒரே ஒரு இசைத்தட்டில் பாடியிருக்கிறார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாட்டு.

மதுரைக்கும் நாடகத்துக்கும் உள்ள உறவு ஊருக்கே தெரியும். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று சொல்லப்படுகிற சங்கரதாஸ் சுவாமிகள், 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியது இந்த ஊரில்தான். சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்பு, தமிழ்நாட்டின் நட்சத்திரங்கள் நாடக மேடையில்தான் இருந்தார்கள். எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் பாட்டுகளை மக்கள் முதலில் கேட்டது கொட்டகையில், அடுத்தது கிராமபோனில். எம்.எஸ்.சுப்புலட்சுமிகூட மதுரையிலிருந்து போய், பத்து வயதில், தன் அம்மா சண்முகவடிவின் வீணையோடு முதல் தட்டில் பாடியவர்தான்.

பெரிய பெயர்கள் நிலைத்துவிட்டன. ஆனால் அன்றைக்கு ஒரு தட்டு, இரண்டு தட்டு பாடிவிட்டு மறைந்துபோன பெண்கள் நிறைய. அவர்கள் சம்பாதித்ததில் வீடு கட்டினார்கள், தம்பிகளைப் படிக்கவைத்தார்கள். அந்தத் தம்பிகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, "அக்கா நாடகத்துல இருந்தவங்க" என்பதை மட்டும் வீட்டில் பேசாமல் விட்டார்கள்.

இந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. அத்தையின் புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தட்டை மட்டும் உடைக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. நடுவிலிருந்த லேபிளில், பெயர் வருகிற இடத்தில் மட்டும் காக்கித்தாளைக் கிழித்து ஒட்டிவைத்தார். அப்படியே டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. "இது யாரு பாட்டு?" என்று கேட்டதற்கு, அப்பா பல வருஷம் கழித்துத்தான், இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பதில் சொன்னார்.

அந்தப் பாட்டு யூடியூபில் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டாள் பேத்தி. அவர்களுக்குத் தெரிந்து உலகத்தில் இருக்கிற ஒரே பிரதி, இப்போது சாம்பல் பொடியோடு டர்ன்டேபிளில் இருந்தது.

ஒரு பாட்டுக்கு ஓர் ஊசி

மொபைலில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கிராமபோனுக்குக் கரன்ட் வேண்டாம். சாவி கொடுத்தால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங், தட்டை நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். தட்டில் சுருள் சுருளாக ஒரு நீளமான பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தின் நெளிவுகள்தான் பாட்டு. ஊசி அதில் ஓடும்போது அதிரும். அந்த அதிர்வு சவுண்டு பாக்ஸில் இருக்கிற மெல்லிய தகட்டை அசைக்கும். தகட்டின் சத்தத்தைக் குழாய் பெரிதாக்கும். அவ்வளவுதான்!

அந்தத் தட்டு பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. மரக்கிளைகளில் வாழ்கிற அரக்குப் பூச்சி சுரக்கிற பிசினோடு, கல் மாவும் கரியும் கலந்து செய்தது. கல் மாவை வேண்டுமென்றேதான் சேர்த்தார்கள். இரும்பு ஊசியைப் பள்ளத்தில் வைத்ததும், முதல் சில சுற்றுகளிலேயே அந்த மாவு ஊசியின் முனையைத் தேய்த்துப் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதன்பிறகு ஊசி ஒழுங்காக ஓடும்.

சிக்கல் என்னவென்றால், பாட்டு முடிகிறபோது ஊசியின் ஓரங்கள் உளி மாதிரி கூர்மையாகியிருக்கும். அதே ஊசியை அடுத்த பாட்டுக்கும் போட்டால், அது பள்ளத்தைச் செதுக்கிவிடும். அதனால்தான் "ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி" என்பது அந்தக் காலத்துக் கட்டளை. ஊசிகள் சின்னத் தகர டப்பாக்களில் நூற்றுக்கணக்கில் விற்கப்பட்டதும் அதனால்தான்.

இந்த விஷயம் அவருக்குப் புதிது அல்ல. பதினொரு வயதில் ஒரு சவுண்ட் சர்வீஸில் எடுபிடியாகச் சேர்ந்தவர். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை என்று எந்த ஊரில் ரேடியோ செட் கட்டினாலும், தட்டு மாற்றுவது அண்ணன்மார் வேலை. ஊசி மாற்றுவதும் சாவி கொடுப்பதும் இவர் வேலை. "ஓட்டுன ஊசிய மறுக்கா ஓட்டுனா மொதலாளி மண்டையிலயே கொட்டுவாரு" என்று சிரிக்கிறார். தேய்ந்த ஊசிகளைத் தீப்பெட்டியில் சேர்த்துவைத்து விளையாடிய ஞாபகமும் இருக்கிறது.

அவ்வளவு தெரிந்தவரே புது ஊசியை நம்பி ஏமாந்ததுதான் வருத்தம். "பொருள் புதுசா இருந்தா போதுமா? மொனைய ஒரு தடவை கண்ணுல பாத்துருக்கணும். எந்தப்புதான்" என்றார் பேத்தியிடம். ஒரு பக்கத்தில் முதல் வரி போய்விட்டது. அது இனி வராது. இன்னொரு பக்கம் தப்பித்தது.

"அக்காவுக்கு முள் பொறுக்குறது என் வேலை"

அன்று ராத்திரி படுத்தபிறகுதான் அப்பா சொன்ன ஒரு விஷயம் அவருக்கு நினைவுக்கு வந்தது.

இரண்டாம் உலகப்போர் நேரம். ஊசி டப்பா பெரும்பாலும் கப்பலில் வந்த சரக்கு. போரில் இரும்பெல்லாம் ராணுவத்துக்குப் போனது. மதுரைக் கடைகளில் ஊசி கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை எட்டவில்லை. ஆனால் அத்தைக்குத் தினமும் பாட்டுக் கேட்டாக வேண்டும். அப்போது அப்பாவுக்கு இருபது வயதுக்கு மேல். "வைகைக் கரையில போயி அக்காவுக்குக் கருவேல முள் பொறுக்கிட்டு வர்றது என் வேலை. ஊசிய விட முள்ளுலதான் அக்கா பாட்டு கேக்கும்" என்று அப்பா ஒருதடவை சொல்லியிருந்தார். ஏதோ ஏழ்மைக் கதை என்றுதான் இவர் அதை அப்போது நினைத்துக்கொண்டார்.

ஏழ்மை மட்டும் அல்ல, அதில் விஷயமும் இருந்தது. உலகம் முழுக்க இதைச் செய்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே அமெரிக்காவில் மூங்கிலை முக்கோணமாகச் சீவிய ஊசிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஜப்பானில் மூங்கில் ஊசிக்கு ரசிகர்கள் அதிகம். அமெரிக்காவில் கள்ளிச்செடி முள்ளும் பயன்பட்டது. லண்டனில் ஆளுயரத்துக்குக் காகிதக்கூழ் குழாய் வைத்துக் கையால் கிராமபோன் செய்த ஈ.எம்.ஜி. என்ற நிறுவனத்தின் ரசிகர்கள், இரும்பு ஊசியைத் தொடவே மாட்டார்கள். அவர்களுக்கு முள்தான். முள்ளைத் தீட்டுவதற்கென்றே தனிக் கருவிகள் கடைகளில் கிடைத்தன. காசில்லாதவர்கள் வேறு வழியில்லாமல் செய்ததையும், பணக்கார ரசிகர்கள் தேடிப்போய்ச் செய்ததையும் ஒரே முள் இணைத்தது.

காரணம் எளிமையானது. இரும்பு, தட்டோடு மல்லுக்கட்டும். முள் விட்டுக்கொடுக்கும். பள்ளத்துக்குள் போனதும் முனை மெதுவாக அமுங்கி, பள்ளத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். தேய்மானத்தில் பெரும்பங்கை முள்ளே வாங்கிக்கொள்ளும். சத்தம் குறைவாகத்தான் வரும். கீச்சென்ற உச்ச ஒலிகள் கொஞ்சம் மங்கும். ஆனால், பழைய தட்டின் 'கரகர'வும் அதோடு சேர்ந்து மங்கும்.

தமிழுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கடிகாரத்தில் ஓடுவதும் முள், தராசில் ஆடுவதும் முள். ரெக்கார்டு பிளேயரில் இருக்கிற ஊசியையும் 'முள்ளு' என்றுதான் பலபேர் சொன்னார்கள்.

கண்மாய்க் கரையில் ஒரு பாடம்

மறுநாள் காலை பேத்தியின் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் நாகமலை புதுக்கோட்டை பக்கம் கிளம்பினார்கள். மதுரையைச் சுற்றி முள்ளுக்கா பஞ்சம்? எந்தக் கண்மாயைப் பார்த்தாலும் சீமைக்கருவேலம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்ட அளவுக்குப் பரவிய மரம். வேண்டாத மரத்திலிருந்து வேண்டியதை எடுக்கலாம் என்று பேத்திக்கு உற்சாகம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வயசான மனுஷன் முள்ளை ஒவ்வொன்றாகப் பறித்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"என்னய்யா தேடுறீக?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "சீமைக்கருவேலு முள்ளு குத்துச்சுன்னா கை வீங்கிப் போகும்யா. அங்கிட்டு நாட்டுக் கருவேலு நிக்கிது பாருங்க, வெள்ளையா, நேரா இருக்கும். பெரிய மரத்துல தேடாதீக. எளசுலதான் முள்ளு அதிகம்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. நாட்டுக் கருவேலத்தின் முள், இலைக்கணுவில் ஜோடி ஜோடியாக, வளையாமல் இருந்தது. மரத்திலேயே காய்ந்து வெளுத்துப்போன முள்ளாகப் பார்த்து ஐம்பது, அறுபது பறித்தார்கள். கையில் நாலைந்து இடத்தில் ரத்தம். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான குத்தியிருக்கும்" என்றார் அவர், திரும்பி வரும்போது.

முதல் முள் தோற்றது

வீட்டுக்கு வந்ததும் அத்தையின் தட்டைத் தொடவில்லை. விளிம்பு உடைந்த, கேட்பாரற்ற ஒரு சினிமாத் தட்டில்தான் சோதனை.

முதல் முள்ளில் ஈரம் மிச்சமிருந்தது; பாட்டு தொடங்குவதற்குள் முனை மழுங்கி, குரல் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆனது. இரண்டாவது முள் மெலிசு. சவுண்டு பாக்ஸின் துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. மூன்றாவது, திருகாணியை இறுக்கியதும் இரண்டாகப் பிளந்தது. நான்காவது பாதிப் பாட்டு வரை ஓடிவிட்டுக் கரகரத்தது.

ஒரு பக்கத்தில் ஊசி ஓடும் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள் பேத்தி. பத்து அங்குலத் தட்டு, மூன்று நிமிஷப் பாட்டு என்றால் 100 மீட்டருக்கும் மேல்! அதுவும் 100 கிராமுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கிக்கொண்டு. ஒரு முள்ளுக்கு அது பெரிய பயணம்தான்.

அவர் அவசரப்படவில்லை. மிச்ச முட்களை ஒரு தாம்பாளத்தில் பரப்பி, நிழலில் மூன்று வாரம் காயவைத்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, இரும்பு ஊசியின் நீளத்துக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் நறுக்கினார். அடிப்பகுதியை ஊசியின் பருமனுக்குத் தேய்த்தார். முனையை மிக மெல்லிய உப்புத்தாளில் வைத்து, விரல்களுக்கு நடுவே உருட்டி உருட்டித் தீட்டினார். பேத்தி மொபைல் கேமராவைப் பெரிதாக்கி முனையைக் காட்ட, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்" என்று ஒரு மத்தியானம் முழுக்கப் போனது.

மூன்று வாரம் கழித்துப் போட்ட முதல் முள், சினிமாத் தட்டைக் கடைசி வரை பாடியது. இரண்டாவதும் பாடியது. ஐந்து முட்கள் பாடி முடித்தபிறகுதான் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

மூச்சு வாங்கும் சத்தம்

அத்தையின் தட்டை மென்மையான பிரஷ்ஷால் துடைத்தார். ஊசி படாத பக்கத்தை மேலே வைத்தார். பேத்தி மொபைலில் ரெக்கார்டிங்கை அழுத்திவிட்டு, ஃபேனை நிறுத்தினாள். ஜன்னலை மூடினாள். தெருவில் போன தண்ணீர் லாரியின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்கள்.

ஆர்மோனியம் முதலில் வந்தது. பிறகு குரல். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று பழகிய குரல். இரும்பு ஊசியில் கேட்டபோது எப்போதும் ஓர் இரைச்சல் முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது அது விலகியிருந்தது. மேல் ஸ்தாயிக்குப் போவதற்கு முன்பு அத்தை மூச்சு வாங்குவது கேட்டது. ஒரு சங்கதி முடிந்ததும், ஆர்மோனியக்காரர் மெதுவாக "சபாஷ்" என்றார். 74 வயது வரை அவர் இந்த 'சபாஷை'க் கேட்டதே இல்லை.

பாட்டு முடிந்தபிறகும் முள் உள்வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது, முனை சாய்வாகத் தேய்ந்து, கறுத்துப்போயிருந்தது. தட்டில் பொடி இல்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கிறதா?

தாத்தா, பாட்டி காலத்துத் தட்டுகள் பல வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கின்றன. எடுத்துப் போடுவதற்கு முன்பு சில விஷயங்களைக் கவனத்தில் வையுங்கள்.

முள்ளில் வாசிப்பது அரக்கில் செய்த 78 சுற்றுத் தட்டுக்கு மட்டும். எல்.பி. எனப்படும் பிற்காலத்து வினைல் தட்டுகளின் பள்ளம் மிகக் குறுகல். அவற்றைச் சாவி கொடுக்கும் கிராமபோனில் வைக்கவே கூடாது, எடையிலேயே பாழாகிவிடும்.

அரக்குத் தட்டைச் சானிட்டைசராலோ ஸ்பிரிட்டாலோ துடைக்காதீர்கள். ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் கனத்தில் வளையலாம், விரியலாம், நிமிர்த்தி வையுங்கள். வெயில் படக்கூடாது.

ஒரு முள் ஒரு பக்கத்துக்கு. மறுபடி தீட்டினால் மறுபடி பாடும். நீளம் இருக்கும்வரை தீட்டலாம். திருகாணியை அழுத்தாமல், ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். முதலில் பழுதான தட்டில் சோதித்துப் பாருங்கள்.

முள் என்றால் தட்டுக்குத் தேய்மானமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். தூசி இருந்தால், முள்ளின் முனையில் ஒட்டிக்கொண்டு அதுவும் தேய்க்கும். ஏற்கெனவே இரும்பு ஊசி கிழித்த தட்டில் முள் பாதியிலேயே மடங்கிவிடும். எந்த ஊசியானாலும், ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் குரலில் ஒரு துளி குறைகிறது. அதனால், அரிய தட்டு என்றால் நன்றாக ஓடுகிற முதல் தடவையே மொபைலில் பதிவுசெய்துவிடுங்கள். பேத்தி செய்ததும் அதைத்தான்.

மொபைல் கேட்ட கேள்வி

பதிவு முடிந்ததும், ஃபைலுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மொபைல் கேட்டது. பேத்தி 'தாத்தாவின் அத்தை' என்று டைப் செய்யப் போனாள்.

"இரு தாயி" என்றார் அவர். தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். நடுவில், எண்பது வருஷத்துக் காக்கித்தாள் இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்தால் லேபிளும் சேர்ந்து கிழிந்துவிடும். ஆனால், அதன் அடியில் என்ன அச்சாகியிருக்கிறது என்று அப்பா அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். பேத்தி டைப் செய்துகொண்டே வந்தாள். முடித்துவிட்டுக் காட்டியபோது, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்தார்.

"முன்னாடி 'மதுரை'ன்னு போடு. தட்டுல அப்படித்தான் போட்டிருந்துச்சாம்."

போட்டாள். அன்று சாயங்காலமே அது சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனது. தட்டு மறுபடி டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. தாம்பாளத்தில் இன்னும் முப்பது முட்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன.